ஃபேன் ஓடுற ஊருக்கு எதுக்குய்யா சைலண்ட் கூலர்?

டிஸ்கி: இது பொட்டி சம்பந்தப்பட்ட பதிவு. ஸ்க்ரூ, ஹீட்சிங்க், தெர்மல் பேஸ்ட் எல்லாம் வரும். அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். நடுவுல கொஞ்சம் வீட்டு விஷயமும் வந்து தொலைக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க :-)

போன வாரம் மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாண வீடு. பந்தியில பக்கத்துல உக்காந்த நண்பர் கேட்டார், "என்னவோ கிராபிக்ஸ் கார்டைப் பிரிச்சுப் போட்டு ஃபேன் மாத்துறியாமே, என்னய்யா சமாச்சாரம்?" சத்தம் வரக் கூடாதுன்னு பண்றேன்னேன். மனுஷன் சாம்பார்ல கை வச்சுக்கிட்டே சிரிச்சார். "மேல மின்விசிறி கடகடன்னு ஓடுது, வெளில பஸ் ஏர் ஹாரன், கோயில் ஸ்பீக்கர். இந்த ஊர்ல உனக்கு சைலண்ட் கூலரா? அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்றதுய்யா."

சுத்தி இருந்த நாலு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். பாயசம் வர்ற நேரத்துல சண்டை போடக் கூடாதுங்கறது என் கொள்கை. ஆனா வீட்டுக்கு வந்தும் வயிறு எரிஞ்சுது (சாம்பார் இல்லை). பதினாறு பதினேழு வருஷமா இதே வசனத்தை ஆள் மாத்தி ஆள் சொல்லிக் கேட்டாச்சு. அதனால இந்தப் பதிவு.

முதல்ல அந்த மின்விசிறிக் கதையை முடிச்சிடுவோம்.

மேல ஓடுற ஃபேனுக்கு மூணு இறக்கை. நிமிஷத்துக்கு 300 சுத்துன்னு வச்சுக்குங்க. ஒரு நொடிக்கு 15 தடவைதான் இறக்கை காத்தை வெட்டுது. அந்த வேகம் மனுஷன் காதுக்குக் கேக்கவே கேக்காது. நமக்குக் கேக்கறது வெறும் காத்தோட சலசலப்பு, அப்பறம் பழைய ஃபேனா இருந்தா ஒரு லொடக்கு. இப்ப கிராபிக்ஸ் கார்டுக்கு வாங்க. பழைய கார்டு ஒண்ணுல உள்ளங்கையில பாதி சைஸுக்கு ஒரு விசிறி, ஒம்போது இறக்கை, நிமிஷத்துக்கு 4000 சுத்து. கணக்குப் போடுங்க, நொடிக்கு 600 வெட்டு. அது ஒரு சுருதி. அதோட விடாது, 1200, 1800னு மேல மேல அடுக்கா கேக்கும். இந்தக் கீச்சுச் சத்தம் வர்ற இடத்துலதான் மனுஷப் பேச்சும் இருக்கு. அதனாலதான் மின்விசிறி ஓடும்போது பக்கத்துல இருக்கறவர் பேசுறது கேக்குது, கொசு பறக்கறதும் கேக்குது. மேல் ஃபேன் எல்லாச் சத்தத்தையும் முழுங்கிடும்னா கடலூர்ல எவனும் கொசுவைப் பத்திக் கவலையே பட வேணாமே!

இன்னொண்ணு. நம்ம ஊர்ல மின்விசிறி எப்பவும் ஓடுதா? இந்தாண்டை நெய்வேலி, பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் எடுத்து ஊர் ஊரா அனுப்புற இடம், இதே கடலூர் மாவட்டம்தான். 2012-ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போனதும் இதே மாவட்டத்துலதான். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்பறம் பல கிராமங்களுக்கு வாரக்கணக்குல கரண்ட் வரலை. அதுக்கு முன்னாடியும் 2008 கடைசியில இருந்து தினம் கட்டு. என் பொட்டிக்கு யூபிஎஸ் இருந்தது, ஃபேனுக்கு இன்வெர்ட்டர் இல்லை. கரண்ட் போன உடனே தெருவே ஊமையாயிடும். அந்த அமைதியில என் மேசைக்குக் கீழ ஒண்ணு மட்டும் "ஙொய்ய்ய்"னு கத்திக்கிட்டு நிக்கும். மின்விசிறி வேற நின்னு போச்சா, ரூம் சூடு ஏறும், அது இன்னும் கத்தும்.

சரி, கத்தட்டும், அதனால என்ன குடி முழுகிப் போச்சு? இதுதான் அடுத்த கேள்வி. எனக்கு முழுகிச்சு. சொல்றேன்.

எங்க அம்மா புவனகிரி பக்கத்துக் கிராமம். சின்ன வயசுல நடவுக்குப் போனவங்க. நடவுப் பாட்டு நல்லாப் பாடுவாங்க. கல்யாணம் ஆகி திருப்பாப்புலியூர் வந்தப்பறம் பாடுறதே இல்லை, கேட்டா "போடா வேலையத்தவனே"ன்னுடுவாங்க. 2009 பொங்கலுக்குப் பெரியம்மா வந்திருந்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா பழைய கதை வரும், கதைக்கு நடுவுல பாட்டும் வரும். நான் சட்டுனு பொட்டியில மைக்கைச் செருகி, மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ரெக்கார்டிங் போட்டுட்டேன். அன்னைக்கு என்கிட்ட வேற வழியில்லை. அப்ப இருந்த செல்போன்ல பதிஞ்சா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். பதினோரு பாட்டு. ஒரே மத்தியானத்துல பதினோரு பாட்டு!

ராத்திரி ஹெட்போன்ல போட்டுக் கேட்டேன். பதினோரு பாட்டுக்கும் சுருதிப் பெட்டி மாதிரி பின்னாடி என் கிராபிக்ஸ் கார்டு.

சரி, இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு திரும்பப் பதிவோம், அம்மா எங்க போயிடப் போறாங்கன்னு நினைச்சேன். அங்கதான் என் கூலர் புராணம் ஆரம்பிச்சுது.

அந்தக் காலத்துல ஜால்மன், ஆர்க்டிக், தெர்மல்ரைட்னு சில கம்பெனிகள் கார்டோட வர்ற கூலரைக் கழட்டிட்டு மாட்டறதுக்குன்னே தனிக் கூலர் வித்தாங்க. சிலது விசிறியே இல்லாதது. தகடு தகடா அலுமினியம், நடுவுல நாலஞ்சு தாமிர ஹீட்பைப், அவ்வளவுதான். சத்தம் பூஜ்யம். ரிவ்யூ படிச்சா ஆஹா ஓஹோ. ரிச்சி தெருவுல கேட்டேன், "அதெல்லாம் வர்றதில்ல தம்பி". கடைசியா சிங்கப்பூர்ல இருந்த மச்சான் மே மாசம் லீவுக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்தார்.

மாட்டுற கதை பெருசு. பழைய கூலரோட ஸ்ப்ரிங் ஸ்க்ரூ நாலையும் குறுக்குமறுக்கா கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தணும். ஒரே பக்கம் கழட்டினா சிப்பு விளிம்பு உடையும். பழைய பேஸ்ட் காஞ்சு போன சுண்ணாம்பு மாதிரி இருந்தது, மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கி பஞ்சால துடைச்சேன். நடுவுல உளுந்து அளவு புது பேஸ்ட். நினைவகச் சிப்பு ஒவ்வொண்ணுக்கும் குட்டி குட்டியா ஒட்டுற ஹீட்சிங்க். கரண்ட் சர்க்யூட்டுக்கும் ஒட்டணும், இதைத்தான் பாதிப் பேர் மறந்துட்டு கார்டு போச்சேன்னு அழுவாங்க. மத்தியானம் ஆரம்பிச்சது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிஞ்சுது. பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. பொட்டி ஓடுதா இல்லையான்னு லைட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு ராத்திரி நான் அடைஞ்ச சந்தோஷம் இருக்கே... சரி விடுங்க.

மறுநாள் மத்தியானம், அக்னி நட்சத்திரம். ஸ்க்ரீன்ல கலர் கலரா கட்டம். டெம்பரேச்சர் 108. தொட்டுப் பாக்கலாம்னு மூடியைத் திறந்தா, நினைவகத்துக்கு ஒட்டின குட்டி ஹீட்சிங்க் ரெண்டு பசை இளகி விழுந்து கிடக்கு. நல்லவேளை எதையும் ஷார்ட் பண்ணலை.

இங்க நான் கம்பெனியைத் திட்டப் போறதில்லை. திட்ட வேண்டியது என்னைத்தான், என்னை மாதிரி ரிவ்யூவை அப்படியே நம்பி மாட்டற எல்லாரையும்தான். ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. ஹீட்சிங்க்கு ரூம் சூடு தெரியாது, ரூமை விட எத்தனை டிகிரி மேல நிக்கணும்னு மட்டும்தான் தெரியும். 100 வாட் கார்டு, ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரின்னா, சுத்தி இருக்கற காத்தை விட 60 டிகிரி மேல. எழுதினவர் ரூம் 22 டிகிரி, அவருக்கு 82. "அருமை, தாராளமா வாங்கலாம்." என் ரூம் 37. கேஸுக்குள்ள காத்து நகராம இன்னொரு பத்து. 107. நான் பாத்த எண் 108. ஸ்கூல் பையன் போடுற கணக்கை நான் போடாம விட்டேன்.

ஆக, "நம்ம ஊருக்கு சைலண்ட் எதுக்கு"ங்கறவங்க ஒரு பக்கம் தப்புன்னா, "விசிறியே வேணாம், அதான் சைலண்ட்"ங்கறவங்க இன்னொரு பக்கம் தப்பு. 30 வாட் கார்டுன்னா சரி, 2017-ல வந்த ஜிடி 1030 மாதிரி விசிறி இல்லாமலே நம்ம வெயிலையும் தாங்கும். அதுக்கு மேல போனா கடலூர் மே மாசம் யாருக்கும் சலுகை காட்டாது.

நம்ம ஊருக்கு வேண்டியது பெரிய ஹீட்சிங்க், அது மேல பெரிய விசிறி, அது மெதுவா சுத்தணும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, விசிறி பாடப் புத்தகத்துல உள்ள விதி. வேகம் பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். குறுக்களவு ரெண்டு மடங்கானா அதே வேகத்துல காத்து எட்டு மடங்கு. அப்போ ஆறு சென்டிமீட்டர் விசிறி 4000 சுத்துல தர்ற காத்தை, பன்னெண்டு சென்டிமீட்டர் விசிறி ஏட்டுக் கணக்குப்படி 500 சுத்துல தரும். நடைமுறையில 800ன்னு வைங்க. ஆனாலும் எங்க 4000, எங்க 800! அந்த மே மாசமே பழைய பொட்டியில இருந்து கழட்டின 12 சென்டிமீட்டர் விசிறியை கேபிள் டை போட்டு அந்த ஹீட்சிங்க் அடியில கட்டினேன். 12 வோல்ட்டுக்குப் பதிலா 7 வோல்ட் கொடுத்தேன். 108 இருந்தது 71. சத்தம், காதை வச்சுக் கேட்டாத்தான். விழுந்த ஹீட்சிங்கை எல்லாம் துடைச்சுத் திரும்ப ஒட்டி முடிக்கறப்ப ஜூன் முதல் வாரம்.

ஜூன் இரண்டாவது வாரம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. பேச்சு கொஞ்சம் திரும்ப வந்தது, பாட்டு வரலை. 2011 ஆடியில போயிட்டாங்க. தானே புயல் அடிச்ச ராத்திரி, ஓடு பறக்குதேன்னு எல்லாரும் ஓடினப்ப, நான் அந்த ஹார்டு டிஸ்கை எவர்சில்வர் தூக்குக்குள்ள போட்டு மூடி அரிசி டிரம்முல இறக்கினேன்.

இப்ப சொல்லுங்க, சாம்பார் நண்பரே. வெள்ளைக்காரன் பண்றதா இது?

கோபம் கார்டு பண்றவங்க மேலயும் இருக்கு. சத்தம் ஒரு விதி கிடையாது, அது மிச்சம் பிடிக்கிற செலவு. தாமிரம் கொஞ்சம் கம்மி, தகடு கொஞ்சம் கம்மி, விசிறி கொஞ்சம் சின்னது. மிச்சம் அவங்களுக்கு, கீச்சு நமக்கு. அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. 2003-ல என்விடியா எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரான்னு ஒரு கார்டு விட்டாங்க. போட்ட சத்தத்துல ஊரே தூசு உறிஞ்சுற மிஷின்னு பேர் வச்சுது. கம்பெனிக்காரங்களே தங்களைக் கிண்டல் பண்ணி ஒரு வீடியோ எடுத்து விட்டாங்க. 2021-ல ஏசுஸ், நாக்டுவாங்கற ஆஸ்திரிய விசிறிக் கம்பெனியோட சேர்ந்து ஆர்டிஎக்ஸ் 3070 ஒண்ணு விட்டாங்க. என்ன பண்ணியிருந்தாங்க தெரியுமா? பெரிய ஹீட்சிங்க், மேல ரெண்டு 12 சென்டிமீட்டர் விசிறி. அதாவது 2009-ல நான் கேபிள் டை போட்டுக் கட்டின அதே சமாச்சாரம், பழுப்புக் கலர்ல, கூடுதல் விலைக்கு!

"இப்ப கார்டு எல்லாம் வேலை இல்லாதப்ப விசிறியை நிறுத்திடுதே"ன்னு கேப்பீங்க. நிறுத்துது. 22 டிகிரி ரூம்ல. அம்பதோ அறுபதோ தாண்டினா ஓடு, இறங்கினா நில்லுன்னு எழுதியிருக்கான். என் ரூம்ல சும்மா இருக்கும்போதே கார்டு அந்த எல்லைக்கோட்டுல வந்து உக்காந்துக்கும். அரை நிமிஷம் ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். தொடர்ந்து வர்ற சத்தத்தையாவது காது மறக்கும், விட்டு விட்டு வர்றதை எப்படி மறக்கறது? மின்சாரம் வேற ஏறிக்கிட்டே போகுது. 2007-ல 8800 ஜிடி 105 வாட், ஒண்ணரை சீலிங் ஃபேன். 2025-ல ஆர்டிஎக்ஸ் 5090 575 வாட், இஸ்திரிப்பெட்டியில பாதிக்கு மேல.

சரி நானே சரி பண்ணிக்கறேன்னா, ஸ்க்ரூ மேல ஒரு ஸ்டிக்கர். கிழிச்சா வாரண்டி போச்சு. 2008-ல வாங்கின கார்டை ஒருதரம் விசிறி தட்டுதுன்னு எடுத்துட்டுப் போனேன். "கழட்டி எண்ணெய் விட்டீங்களா? அப்ப நாங்க பொறுப்பில்ல சார்." ரெண்டு ரூபா தையல் மிஷின் எண்ணெய்க்கு வாரண்டி காலி. உப்புக்காத்து ஊர்ல குட்டி விசிறியோட பேரிங் எத்தனை நாள் வரும்? தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் சைக்கிள் செயினைப் பாத்தாத் தெரியும். எண்ணெய் விடாதேன்னா எப்படி?

கூலரைக் கழட்டினா உலகம் அழிஞ்சிடும்னும் இல்லை. ஈவிஜிஏன்னு ஒரு கம்பெனி, கார்டை சேதம் பண்ணாம கூலர் மாத்தினா வாரண்டி போகாதுன்னு வச்சிருந்தாங்க (2022-ல கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுட்டாங்க, நல்லவனுக்குக் காலம் இல்லை). அமெரிக்காவுல மத்திய வணிக ஆணையம் இந்த ஸ்டிக்கர் வேலைக்கு 2018-லயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. 2024 ஜூலைல திரும்ப அனுப்பினப்ப ஜிகாபைட், ஜோடாக், அஸ்ராக்னு நமக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் இருந்தது. நம்ம ஊர்லயும் 2022 டிசம்பர்ல நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு தளம் ஆரம்பிச்சாங்க. டிராக்டர், செல்போன், ஃபிரிட்ஜ், வண்டின்னு கணக்கு. நம்ம கார்டுக்கும் அந்த வரிசையில ஒரு இடம் கேக்கறதுல என்ன தப்பு?

இப்ப பந்தியில பேச்சுக்கு வந்த விஷயம். அம்மா பாட்டுல இருந்து அந்தச் சத்தத்தை எடுக்க இப்ப மென்பொருள் வந்திருக்கு, குரலைத் தனியாப் பிரிச்சுக் கொடுக்கும். அது ஓடறது எதுல? கிராபிக்ஸ் கார்டுல! பழைய கார்டோட சத்தத்தை எடுக்கப் புது கார்டு கத்துது. விதியைப் பாருங்க :-(

ரெண்டு வருஷம் முன்னாடி ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டா எடுத்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 125 வாட். போன மாசம் அதோட பிளாஸ்டிக் மூடியையும் ரெண்டு விசிறியையும் கழட்டிட்டேன். ஹீட்சிங்க் அப்படியே இருக்கட்டும், அது பரவால்லாம இருந்தது. மேல ரெண்டு 12 சென்டிமீட்டர் விசிறி, அதே கேபிள் டை. கனெக்டரை மதர்போர்டுல செருகி, கார்டு சூட்டைப் பாத்து வேகம் கூட்டச் சொல்லி ஒரு இலவச மென்பொருள்ல செட் பண்ணியாச்சு. 34 டிகிரி ரூம்ல முன்னாடி 2400 சுத்துல 79 டிகிரி. இப்ப 850 சுத்துல 67. தெர்மல் பேஸ்டையும் மாத்தினேன், அதுல ஒரு மூணு டிகிரி இருக்கும், நியாயத்தைச் சொல்லணும்.

"ஹெட்போன் போட்டுக்கோயேன்", "பொட்டியை அடுத்த ரூம்ல வையேன்"னு பின்னூட்டம் வரும், தெரியும். எங்க வீட்டுல அடுத்த ரூம்ங்கறது அடுப்படி. ஹெட்போன் எனக்கு ஓகே, ஆனா கேக்கப் போறது நான் இல்லை. பெரியம்மாவுக்கு இப்ப 81. காது மந்தம், தலையில எதையும் மாட்ட விட மாட்டாங்க. அந்தப் பதினோரு பாட்டையும் எழுதி வைக்கணும்னா எனக்குப் பாதி வார்த்தை புரியலை. புரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான் மிச்சம். அதனால ஸ்பீக்கர்ல போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பக்கத்துல உக்கார வச்சுக் கேக்கணும். மென்பொருளை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாத்தி மாத்தி ஓட விட்டுக் கேக்கணும். ரொம்பச் சுத்தம் பண்ணினா அது குரலையும் சேர்த்துத் தின்னுடுது. ப, த, க மாதிரி எழுத்தெல்லாம் வார்த்தை ஆரம்பத்துல ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவுதான். இரைச்சலோட இரைச்சலா அதையும் தூக்கிடும்.

கார்டை மாத்தறதுக்கு முன்னாடி ஒருதரம் உக்கார வச்சப்ப, "இன்னாடா ராசா, பொட்டிக்குள்ள ஈ மொய்க்குது?"ன்னு எழுந்து போயிட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை திரும்ப உக்கார வச்சேன். நாலாவது பாட்டு. நான் "வரம்பு"ன்னு எழுதி வச்சிருந்தேன், வயல் வரப்பைச் சொல்றாங்கன்னு. மூணு தரம் போட்டேன். மூணாவது தரம் பெரியம்மா கையைத் தூக்கினாங்க.

"நிறுத்து. வரம்பு இல்லடா, பரம்பு. சேறு அடிச்சு சமன் பண்ணுவாங்களே, பலகை. மாட்டைப் பூட்டி அதுமேல ஆளு நின்னு ஓட்டுவான். வரம்பு மேல குந்தி வெத்தலதான் போடுவான்."

அடிச்சுட்டு எழுதினேன். பரம்பு. இன்னும் ஏழு பாட்டு இருக்கு.

பி.கு: கடலூர், சிதம்பரம் பக்கம் யாராவது கார்டு சத்தத்தோட அவதிப்படறவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கேபிள் டை, பேஸ்ட், ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டு வர்றேன். விசிறி உங்க செலவு. ஒரு டீ. வாரண்டி ஸ்டிக்கரை மட்டும் நீங்களே கிழிச்சு வைங்க, அந்தப் பாவம் எனக்கு வேணாம் :-)